பள்ளி என்னும் சொல்லைத் தேடி

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் பெயர்ப்பலகை சென்ற ஐப்பசி அடைமழையில் இற்று விழுந்துவிட்டது. பழைய தகரப் பலகை. எழுத்துகள் எப்போதோ வெளிறிப் போயிருந்தன. புதிய பலகை வைப்பதற்காக ஜமாஅத் கூடியபோது, செலவைப் பற்றித்தான் பேச்சு நீளும் என்று எண்ணியிருந்தோம். செலவை ஒருவர் உடனே ஏற்றுக்கொண்டார். பேச்சு நீண்டது வேறொன்றைப் பற்றி.

கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் எழுந்தார். சிறு வயதில் என்னிடம் ஓதிய பிள்ளை. "பள்ளின்னா சமணத் துறவிகள் தங்கின இடம்னு புத்தகத்துல போட்டிருக்கு, ஹஜ்ரத். அல்லாஹ்வை வணங்குற இடத்துக்கு அந்தப் பேர் எதுக்கு? புதுப் பலகையில மஸ்ஜித்னு மட்டும் எழுதிடலாமே" என்றார். பணிவாகத்தான் சொன்னார். அவர் வயதொத்த நால்வர் தலையசைத்தனர்.

தூணோரம் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், எண்பதைக் கடந்தவர், நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப எங்க வாப்பா ஆயுசு பூரா தொழுதது எந்த இடத்துல, தம்பி?"

அவையில் எவரும் வாய் திறக்கவில்லை. இறுதியில் வழக்கம்போல், "ஹஜ்ரத் சொல்லட்டும்" என்று பொறுப்பை என் தலையில் வைத்தார்கள். நான் இரண்டு ஜும்ஆ தவணை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அகராதியைப் புரட்டினால் அரை நாழிகையில் விடை கிடைத்துவிடும். புரட்டவும் செய்தேன். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 'பள்ளி'க்குப் பல பொருள்களைத் தருகிறது: படுக்கை, உறக்கம், சிற்றூர், முனிவர் வாழிடம், சமண பௌத்தக் கோயில், கல்வி கற்கும் இடம். ஆனால் அந்தப் பெரியவரின் கேள்விக்கு அகராதியை நீட்டுவது மரியாதையாகப் படவில்லை. அச்சொல் குடியிருந்த இடங்களைக் கண்ணால் கண்டுவந்து பேசலாமே என்று தோன்றியது. கேள்வியைத் தொடங்கி வைத்த இளைஞரையும் அழைத்தேன். விடுமுறையில் இருந்தவர், உடனே இசைந்தார். சனிக்கிழமை ஸுப்ஹு தொழுதுவிட்டு மதுரைக்குப் பேருந்து ஏறினோம்.

மதுரைக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் கீழக்குயில்குடி என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு தாமரைக் குளம், பழைய ஆலமரம், அய்யனார் கோயில். அவற்றுக்குப் பின்னே நீண்டு கிடக்கும் வெறும் பாறை மலை. அதற்குச் சமணர் மலை என்றே பெயர். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்னும் இடம் வருகிறது. அங்கே பாறையில் செதுக்கிய உருவங்கள் உள்ளன. நாங்கள் சென்றது அவற்றின் கீழே பொறிக்கப்பட்டுள்ள எழுத்துகளுக்காக.

அவை வட்டெழுத்துகள்; 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. எங்களால் படிக்க இயலாது. கல்வெட்டறிஞர்கள் படித்து வெளியிட்டிருப்பதைக் கொண்டுதான் அறிகிறோம். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பெயர் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி. அந்தப் பள்ளியைச் சேர்ந்த ஆசிரியரும் அவர்தம் மாணாக்கரும் இவ்வுருவங்களைச் செய்வித்ததாக எழுதியிருக்கிறது. ஆசிரியர், மாணாக்கர், பள்ளி. மூன்று சொற்களையும் சேர்த்துச் சொன்னபோது இளைஞர் சிரித்துவிட்டார். "நம்ம மதரஸா மாதிரியே இருக்கு, ஹஜ்ரத்!"

ஆம், அவ்வாறுதான் இருந்திருக்க வேண்டும். துறவியர் தங்கிய இடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். அதனால் தங்குமிடத்தின் பெயரே கற்குமிடத்தின் பெயராயிற்று என்பர். இன்று எந்தச் சமயத்துப் பிள்ளையும் 'பள்ளிக்கூடம்' போகிறது. அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை.

இதே சொல் நம்மவரிடம் எப்போது வந்தது? கீழக்கரைக்கு அருகிலுள்ள திருப்புல்லாணியில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பவித்திரமாணிக்கப் பட்டினம் என்னும் கடற்கரை நகரில் இருந்த சோனகர் பள்ளி ஒன்றுக்குப் பாண்டிய மன்னர் இறையிலிக் கொடை வழங்கிய செய்தியை அது சொல்கிறது. அரசாங்க ஆவணத்தில், கல்லில், நம் வணக்கத் தலத்தைப் 'பள்ளி' என்றே குறித்திருக்கிறார்கள். சமணப் பள்ளிகளும் சோனகர் பள்ளியும் ஒரே நாட்டில் ஒரே சொல்லால் அழைக்கப்பட்டிருக்கின்றன. எவரும் ஒன்றை மற்றொன்றாக மயங்கியதாகத் தெரியவில்லை.

சோனகர் என்னும் சொல்லின் பயணம் இதைவிட நெடியது. கிரேக்கரின் அயோனியா என்னும் நிலப்பெயர் வடமொழியில் யவனராகவும் பாலியில் யோனராகவும் ஆகி, தமிழில் யோனகர் என்றும் சோனகர் என்றும் திரிந்தது. முதலில் கிரேக்கர், பிறகு மேற்குக் கடல் வழியே வந்தவர் எல்லோரும், பிறகு அரபியர், பிறகு இங்கேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம்கள். இலங்கையில் இன்றும் அரசாங்கப் பதிவேடுகளில் 'சோனகர்' என்றே எழுதுகிறார்கள். அங்கே எவரும் தம்மைக் கிரேக்கர் என்று கருதிக்கொள்வதில்லை!

அன்று மாலை மதுரையில் காஜிமார் பெரிய பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, ஓர் அன்பர் வீட்டில் தங்கினோம். மதுரை நம் மொழி வரலாற்றில் சிறப்பான ஊர். முழுமையாகக் கிடைத்துள்ள தமிழ் முஸ்லிம் இலக்கியங்களுள் முந்தியதாகக் கருதப்படும் 'ஆயிர மசலா' 1572இல் அரங்கேறியது இங்கேதான். இயற்றியவர் வண்ணப் பரிமளப் புலவர். அப்பெயரைக் கேட்ட இளைஞர், "மசாலாவைப் பற்றி ஆயிரம் பாட்டா?" என்று வியந்தார். 'மஸ்அலா' என்றால் கேள்வி என்று விளக்கினேன். "கேள்விதான் நம் இலக்கியத்தின் தொடக்கம், தம்பி. நீ கேட்டதில் தவறே இல்லை" என்றும் சொன்னேன்.

அந்த இரவில் எங்கள் பேச்சு சொற்களைச் சுற்றியே இருந்தது. மதரஸாவில் இரவு நேரத்தில் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து அன்றைய பாடத்தைத் திருப்பிச் சொல்வதைத் 'தக்ரார்' என்போம். அரபியில் அதற்குத் திரும்பச் செய்தல் என்று பொருள். அதே சொல் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தபோது 'தகராறு' ஆகிவிட்டது. சொன்னதையே திருப்பிச் சொன்னால் சண்டைதானே வரும்! "பிள்ளைகள் தக்ரார் செய்கிறார்கள்" என்று நான் கூறியதைக் கேட்டு, புதிதாக மகனைச் சேர்க்க வந்த தகப்பனார் ஒருவர் பதறிப்போய் எழுந்தது நினைவுக்கு வந்தது. நீதிமன்றத்து 'அமீனா'வின் கதையும் அப்படித்தான். நம்பிக்கைக்குரியவர் என்னும் பொருள்படும் 'அமீன்' என்ற சொல் அது. எம்பெருமானார் (ஸல்) அவர்களை மக்கத்துக் குறைஷியரே அல்அமீன் என்று அழைத்தனர். நம் ஊரிலோ 'அமீனா வருகிறார்' என்றால் வீட்டுப் பாத்திரங்களை ஒளித்து வைக்கத் தொடங்குகிறார்கள். 'கந்தூரி' பாரசீகத்தில் உணவுக்காக விரிக்கும் விரிப்பு. அது விரிப்பிலிருந்து விருந்தாகி, விருந்திலிருந்து விழாவாகிவிட்டது.

"அப்படின்னா எந்தச் சொல்லுக்கும் நிலையான பொருளே கிடையாதா, ஹஜ்ரத்?" என்று கேட்டார் இளைஞர். நல்ல கேள்வி. அதற்கு உடனே விடை சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. தூங்கிவிட்டோம்.

மறுநாள் காலை மாட்டுத்தாவணியில் பேருந்துக்குக் காத்திருந்தோம். தாவணி என்பது மாடுகளை வரிசையாகக் கட்டும் நீண்ட கயிறு. அதனால் மாட்டுச் சந்தைக்கும் ஆகிவந்த பெயர். இன்று அங்கே மாடும் இல்லை, கயிறும் இல்லை. வரிசையாகப் பேருந்துகள் நிற்கின்றன. பெயர் மட்டும் தன் இடத்தை விட்டு நகரவில்லை.

யானைமலையை ஒட்டி ஒத்தக்கடை வழியாகச் சென்று, மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரம் என்னும் சிற்றூரில் இறங்கினோம். மதுரையிலிருந்து சுமார் 20 கி.மீ. இருக்கும். வயல், கண்மாய், பிறகு பாறை. இந்த மீனாட்சிபுரத்தையும் பக்கத்து ஊரான அரிட்டாபட்டியையும் சேர்த்து 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் ஏலம் 2024இல் முடிவானபோது சுற்றுப்புற ஊர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அது நிறைவேறியிருந்தால் நாங்கள் தேடிவந்த இடத்திற்கு என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணியபடியே ஏறினோம்.

ஏற்றம் கடினமானது. நாற்பதைக் கடந்த என் முழங்கால்கள் அதை எனக்கு நன்கு உணர்த்தின. இளைஞர் முன்னே சென்று, அடிக்கடி நின்று, "மெதுவா வாங்க, ஹஜ்ரத்" என்று கை கொடுத்தார்.

மேலே இயற்கையான குகைத் தளங்கள். தரையில் பாறையைத் தேய்த்து வழவழப்பாக்கிய படுக்கைகள். மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். அங்கேதான் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. 1882இல் ராபர்ட் சீவல் என்னும் ஆங்கில அதிகாரி இவற்றைக் கண்டறிந்தார். நெடுங்காலம் படிப்பாரின்றிக் கிடந்த எழுத்தைப் பின்னர் கே.வி. சுப்பிரமணிய ஐயர், ஐராவதம் மகாதேவன் முதலிய அறிஞர்கள் படித்தனர். இங்குள்ள ஆறு கல்வெட்டுகளின் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது மகாதேவன் அவர்களின் கணிப்பு. தமிழில் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் இவையும் அடங்கும்.

அவற்றுள் ஒன்று, கணி நந்தன் என்னும் துறவிக்காக, நெடுஞ்செழியனின் பணியாளராகிய கடலன் வழுதி செய்வித்த அறம் பற்றியது. அவர் செய்வித்தது என்ன? கல்லில் 'பளிஇய்' என்று இருக்கிறது. அதாவது, பள்ளி. வேறொரு கல்வெட்டில் வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் கொடையாளராக வருகின்றனர். கப்பலோட்டிய நம் மரைக்காயர்கள் கடற்கரையெங்கும் பள்ளிவாசல்கள் கட்டியது எனக்கு நினைவுக்கு வந்தது. பொருளீட்டியவர் பள்ளி எடுப்பது இந்த மண்ணின் பழைய வழக்கம் போலும்.

ஆட்டு மந்தையோடு வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். "பஞ்சபாண்டவர் படுக்கையப் பாக்க வந்தீகளா?" என்று கேட்டார். அவர் அறிந்த பெயர் அது. தமிழகத்தில் இத்தகைய குகைகள் பலவற்றுக்கு மக்கள் வைத்துள்ள பெயரும் அதுவே. துறவிகள் போய்விட்டனர், படுக்கைகள் எஞ்சின. யாருடையவை என்று தெரியாத மக்கள், தாம் அறிந்த கதையில் வரும் ஐவருக்கு அவற்றைக் கொடுத்துவிட்டார்கள்.

இளைஞர் ஒரு படுக்கையின் ஓரத்தில் குந்தி, உள்ளங்கையால் கல்லைத் தடவிப் பார்த்தார். "படுக்குற இடம். அவ்வளவுதானா?" என்றார்.

அவ்வளவுதான். பள்ளி என்றால் முதலில் படுக்குமிடம். அரசன் உறங்கும் அறை பள்ளியறை ஆனது இப்பொருளில்தான். துறவி தன் உடலைக் கிடத்திய கல், பிறகு அவர் வாழ்ந்த குகை, பிறகு அவர் கற்பித்த இடம், பிறகு அவர் சமயத்தாரின் வழிபாட்டிடம். அதன்பின் கடல் வழியே வந்த சமயத்தார்க்கும் அதுவே பெயராயிற்று. மலையாளத்தில் கிறிஸ்தவ தேவாலயமும் பள்ளி, நம் மஸ்ஜிதும் பள்ளி. சிங்களவர் இரண்டையும் 'பள்ளிய' என்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் கூடுதலாக ஒரு வாசலை வைத்துப் பள்ளிவாசல் ஆக்கினார்கள். வாசலைச் சொல்லி வீட்டைக் குறிப்பது நம் மொழியின் மரியாதை.

அந்தக் குகை நிழலில்தான் முந்தின இரவுக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. மதரஸாவில் ஃபிக்ஹு நூலைத் திறந்தால் ஒவ்வொரு பாடமும் ஒரே முறையில்தான் தொடங்கும். முதலில் 'லுகத்'தில், அதாவது மொழி வழக்கில், இச்சொல்லுக்கு என்ன பொருள். பிறகு 'ஷரஉ'வில் என்ன பொருள். ஸலாத் என்றால் லுகத்தில் துஆ. ஷரஉவில் தக்பீரில் தொடங்கி ஸலாமில் முடியும் வணக்கம். ஜகாத் என்றால் லுகத்தில் வளர்ச்சி, தூய்மை. ஹஜ் என்றால் நாடிச் செல்லுதல். ஸவ்ம் என்றால் தடுத்துக்கொள்ளுதல். தீனியின்றி அசையாமல் நிற்கும் குதிரைக்கும் அரபியர் அதே சொல்லைத்தான் வழங்கினர். ஆண்டுக்கணக்காக இதைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறேன். ஒரு பொருளுக்கும் மற்றொரு பொருளுக்கும் இடையில் அந்தச் சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்று நானே நின்று எண்ணியதில்லை.

மார்க்கம் அரபு மண்ணில் வந்தபோது புதிதாக ஒரு மொழியைக் கொண்டுவரவில்லை. அங்கிருந்த சொற்களையே எடுத்து, பழைய பொருளை அடியில் வைத்து, புதிய பொருளை மேலே நிறுத்தியது. மஸ்ஜித் என்ற சொல்லும் அத்தகையதே. பெட்ராவையும், நாம் மதாயின் ஸாலிஹ் என்றழைக்கும் இடத்தையும் ஆண்ட நபத்தேயர்கள், இஸ்லாத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தம் கல்வெட்டுகளில் 'மஸ்கிதா' என்ற சொல்லைப் பொறித்திருக்கிறார்கள். அவர்கள் தம் தெய்வங்களுக்காக நட்ட வழிபாட்டுக் கல்லுக்கு அது பெயர். ஸஜ்தாவின் வேர்தான் அதற்கும் வேர். இதைச் சொன்னதும் இளைஞர் நிமிர்ந்து பார்த்தார்.

"மஸ்ஜித்துங்கிற பேரும் கல்லுலதான் இருந்துச்சா?"

"ஆமாம் தம்பி. கல்லை விட்டுச் சொல் வெளியே வந்தது. சொல்லுக்குள் இப்போது கல் இல்லை."

தமிழில் நம் முன்னோர் செய்ததும் இதுதான். 'நோன்பு' என்றால் நோற்றல், பொறுத்துத் தாங்குதல். சமணரும் வைணவரும் நோற்றார்கள்; நாம் ரமலானில் நோற்கிறோம். 'தொழுதல்' கைகூப்பி வணங்குவது. நாம் கைகூப்புவதில்லை, ஆயினும் அச்சொல்லின் கை நம் நெஞ்சின் மீதோ நாபிக்குக் கீழோ வந்து அமர்ந்துகொண்டது. 'ஓதுதல்' மிகப் பொருத்தமானது. குர்ஆன் என்னும் பெயருக்கே ஓதப்படுவது என்றுதான் பொருள்.

எல்லாத் தேர்வும் சரியாக அமைந்தது என்று சொல்லமாட்டேன். குர்ஆனைத் 'திருமறை' என்கிறோம். மறை என்பதில் மறைந்திருப்பது என்னும் பொருள் இருக்கிறது. குர்ஆனோ தன்னைத் தெளிவான வேதம் என்று பல இடங்களில் கூறிக்கொள்கிறது. மேடையில் அச்சொல் என் வாயில் வரும்போதெல்லாம் சிறிது இடறுகிறது. ஆனாலும் அதைக் கேட்டுக் கண்கலங்கும் ஒரு மூதாட்டியிடம் போய் இந்த ஆராய்ச்சியைச் சொல்லத் துணியமாட்டேன். அவருக்கு அச்சொல்லில் மறைவு எதுவும் இல்லை.

பலகையில் 'மஸ்ஜித்' என்று எழுதுவதில் பிழையில்லை. அல்லாஹ்வின் வேதத்தில் உள்ள சொல். 'பள்ளிவாசல்' என்பது பிழை என்று கூறுவதுதான் பிழை. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக லட்சக்கணக்கானோர் ஸஜ்தாவில் நெற்றியை வைத்த இடத்தின் பெயர் அது. லுகத்தில் படுக்கை, நம் வழக்கில் இறையில்லம். இவ்வளவையும் அந்தக் குகை வாயிலில் நின்றுதான் சொன்னேன். இளைஞர் மறுத்தும் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அவருடைய கை இன்னும் கல்லின் மீதே இருந்தது.

லுஹருடைய நேரம் வந்தது. குகைக்கு வெளியே, சிறிது இறங்கி, நிழல் விழுந்த சமமான பாறை ஒன்றைக் கண்டோம். புட்டித் தண்ணீரில் உளூச் செய்து, திசை பார்த்து, துண்டை விரித்தோம். பூமி முழுவதும் எனக்கு மஸ்ஜிதாக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்துடைய நபிமொழியை இளைஞர் தாமே நினைவுபடுத்தினார். சிறு வயதில் என்னிடம் மனனம் செய்தது. "அப்ப இந்தப் பாறையும் மஸ்ஜித்தான், இல்லையா ஹஜ்ரத்?" என்றார். ஆட்டுக்காரப் பெரியவர் நாங்கள் தொழுது முடிக்கும்வரை தம் ஆடுகள் குறுக்கே வராதபடி மடக்கி நிறுத்தியிருந்தார். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோதுதான் அதைக் கவனித்தோம்.

இறங்கி, பேருந்துக்குக் காத்திருந்து, ஒத்தக்கடைக்கு வந்து சேர்ந்தபோது அஸர் நெருங்கிவிட்டது. முழங்கால் வலியால் நான் தேநீர்க் கடை இருக்கையில் அமர்ந்துவிட்டேன். இளைஞர் கடைக்காரரிடம் சென்று, "அண்ணே, இங்க பள்ளி எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

கடைக்காரர் தேநீரை ஆற்றியபடியே இவருடைய தலையிலிருந்த தொப்பியை ஒருமுறை பார்த்தார். "பிள்ளைக படிக்கிற பள்ளின்னா அந்தப் பக்கம். நீங்க கேக்கிறது பள்ளிவாசல்தானே? அப்ப இந்தத் தெருவுல நேராப் போங்க" என்றார்.

இளைஞர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அந்தத் தெருவிலிருந்து பாங்கொலி கேட்டது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தோம்.